ஐம்பத்து மூன்று வருஷத்துப் புட்டி

காளிகாட்டில் குடியிருந்துகொண்டு மதுவைப் பற்றி எழுதப் புகுந்தது நமக்கே வியப்பாக இருக்கிறது. நம் சங்கத்து இதழைப் பெண்டிரும் பிள்ளைகளும் படிக்கிறார்கள். எழுதலாமா வேண்டாமா என்று நெடுநாள் தயங்கிவிட்டு, கடைசியில் நம் தாயாரிடமே கேட்டோம். "நடந்ததைத்தானே எழுதப் போகிறாய்? கூட்டாமல் குறைக்காமல் எழுது" என்றார். ஆகவே துணிந்தோம்.

நமது உத்தியோகம் கார்டன் ரீச்சில், தென்கிழக்கு ரயில்வேயின் தலைமை அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. படிப்பு பத்தாம் வகுப்புடன் நின்றது. நம் தந்தையார் கரக்பூரில் டீசல் எஞ்சின் கொட்டகையில் பிட்டராக இருந்தவர். உத்தியோகத்தில் இருக்கும்போதே, 2006ஆம் வருஷம், 46ஆம் வயதில் காலமானார். கருணை நியமனத்தில் நமக்கு வேலை கிடைத்தது. அவரைக் கொண்டுபோனது இன்ன நோய் என்று மருத்துவமனைக் காகிதத்தில் எழுதியிருந்தது. நோய்க்குக் காரணம் காகிதத்தில் இல்லை. குடி.

அவர் தொடக்கத்திலேயே அப்படி இருந்தவர் அல்லர். நமக்கு எட்டு ஒன்பது வயதாகும்வரை, வேலை முடிந்து வந்ததும் குழாயடியில் உட்கார்ந்து, உள்ளங்கையில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கிரீஸ் கறையைத் தேய்த்துக் கழுவி, பிறகு சோப்புப் போட்டு, அப்புறம்தான் நம்மைத் தூக்குவார். பிற்காலத்தில் அவர் கால்கள் அந்தக் குழாயடிக்கு நேராக வந்ததில்லை. சம்பள நாட்களில் தாயார் வாசற்படியில் காத்து நிற்பார். தந்தையார் படி ஏறுமுன், "கிட்ட வாருங்கள்" என்பார். முகத்தருகே சென்று மூச்சை முகர்ந்து பார்ப்பார். பிறகு ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விடுவார். சண்டை நடந்த நாட்களைவிட அந்தப் பேசாத நாட்களுக்குத்தான் நாம் அதிகம் அஞ்சினோம்.

தந்தையாரின் காரியங்கள் முடிந்த அன்று மாலை, தாயார் நம் வலது கையை எடுத்துத் தம் தலைமேல் வைத்துச் சத்தியம் வாங்கினார். அதற்குப் பின் 18 வருஷங்கள் அந்தச் சத்தியத்திற்கு ஊறு நேரவில்லை. பதவி உயர்வு, பணி ஓய்வு, பூஜைக் கொண்டாட்டம் என்று சக ஊழியர்கள் நீட்டிய கோப்பைகளையெல்லாம் விலக்கி வந்திருக்கிறோம். இருமல் மருந்து வாங்கினால்கூடச் சீட்டில் உள்ள எழுத்தை முழுதும் படித்துவிட்டே வாங்குவோம். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

இனி மாடி வீட்டுப் பெரியவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். காளி கோயிலுக்கும் ராஷ்பிகாரி சாலைக்கும் இடைப்பட்ட சந்து ஒன்றில், பழைய வீட்டின் கீழ்க்கட்டில் நாம் குடியிருக்கிறோம். மேலே வீட்டுக்காரர். மனைவியை இழந்தவர், 82 வயது. அவரை நாம் 'மேசோமஷாய்' என்று அழைப்பது வழக்கம். சித்தியின் கணவரை வங்காளிகள் அழைக்கும் முறை அது. மாலையில் அவருக்கு இரத்த அழுத்தம் பார்த்துக் குறித்து வைப்பது நமது பொறுப்பு. அவர் ரூர்கேலா உருக்கு ஆலையில் எஞ்சினீயராக இருந்து ஓய்வு பெற்றவர். ரூர்கேலா என்ற பெயர் நமக்குப் புதிதன்று. ரயில்வேயில் நம் பிரிவில் இருப்பவர்களுக்கு, தாது வண்டியும் உருக்கு வண்டியுமாகத் தினமும் காகிதத்தில் எதிர்ப்படும் ஊர்.

அந்த ஆலை மேற்கு ஜெர்மனியின் உதவியுடன் எழுந்தது. க்ரூப், டெமாக் என்ற இரண்டு ஜெர்மன் கம்பெனிகள் முன்னின்றன. முதல் ஊதுலையை 1959இல் ராஷ்டிரபதி ராஜேந்திர பிரசாத் தொடங்கி வைத்தார். நூற்றுக்கணக்கான ஜெர்மானியர் குடும்பத்துடனும் தனியாகவும் அங்கே வந்து தங்கி வேலை செய்த காலம் அது. மேசோமஷாய் 1966இல் வேலைக்குச் சேர்ந்தபோது, அவருக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தவர் ஒரு ஜெர்மன் போர்மன். பேச்சு வார்த்தை எல்லாம் அரைகுறை இங்கிலீஷ். இருவருக்குமே அது சொந்த மொழியன்று. அதனாலேயே தங்களுக்குள் தப்பெண்ணம் வரவில்லை என்று பெரியவர் வேடிக்கையாகச் சொல்வார். இருந்ததே இருநூறு சொற்கள். அவற்றை வைத்துக்கொண்டு எப்படிச் சண்டை போடுவது?

1971இல் ஆலை அவரை ஜெர்மனிக்குப் பயிற்சிக்கு அனுப்பியது. டூயிஸ்பர்க் என்ற உருக்கு நகரில் ஒரு வருஷம். போர்மன் அதற்குள் ஊர் திரும்பியிருந்தார். அவர் ஊர் மோசல் என்ற நதிக்கரையில் ஒரு கிராமம். குடும்பத்திற்குச் சிறிய திராட்சைத் தோட்டம் உண்டு. அக்டோபரில் விடுமுறைக்கு அங்கே போன பெரியவர், சும்மா இருக்க வெட்கப்பட்டு, மூன்று நாள் அறுவடையில் கூட நின்றார்.

தோட்டம் என்றதும் கம்பம் பள்ளத்தாக்கில் உள்ளது போன்ற பந்தலை நினைத்துக்கொள்ள வேண்டாம். மோசல் கரையில் மலைச்சரிவுதான் தோட்டம். சில இடங்களில் சரிவு 60 டிகிரிக்கும் மேல். நேராக நிற்கவே முடியாது. மண்ணும் மண்ணன்று, நாம் பள்ளியில் எழுதினோமே சிலேட்டு, அந்தக் கல்லின் சில்லுகள். பகல் வெயிலை அந்தக் கல் வாங்கி வைத்துக்கொண்டு, இரவில் கொடிக்குக் கொடுக்கும். திராட்சை விளையும் நாடுகளின் வடக்கு எல்லை அது. அந்தக் கல் இல்லாவிட்டால் பழம் கனியாதாம். பழத்தின் பெயர் ரீஸ்லிங். பச்சை நிறம், சின்ன மணி, வெகு தாமதமாகப் பழுப்பது. முதுகில் கூடையைக் கட்டிக்கொண்டு ஏறி இறங்கியதில் மூன்றாம் நாள் இடுப்பை நிமிர்த்த முடியவில்லை என்று பெரியவர் இன்றும் முதுகைத் தடவிக் காட்டுவார்.

அந்த அறுவடையில் அவர் கண்ட விந்தை ஒன்று உண்டு. நன்றாக இருந்த குலைகளை ஒரு கூடையிலும், சுருங்கிப் பூஞ்சை பிடித்துப் பழுப்பேறிய மணிகளை வேறொரு சிறு கூடையிலும் போட்டார்களாம். அழுகலைத் தூர எறிவதற்கென்று நினைத்து, அவர் சிறு கூடையைச் சரிவில் கவிழ்க்கப் போனார். போர்மனின் தாயார் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பூஞ்சைதான் செல்வம். அது பழத்தோலில் கண்ணுக்குத் தெரியாத துளையிடும். நீர் ஆவியாகிப் போகும். சர்க்கரையும் புளிப்பும் உள்ளே செறியும். இதைப் பற்றி அந்நாட்டில் வழங்கும் கதை ஒன்றையும் அவர் சொன்னார். 1775இல் யோஹானிஸ்பெர்க் என்ற இடத்தில் அறுவடைக்கு உத்தரவு கொண்டுவர வேண்டிய குதிரைக்காரன் தாமதமாக வந்தானாம். அதற்குள் பழம் எல்லாம் அழுகிவிட்டது. வேறு வழியின்றி அதையே பிழிந்தார்கள். அதுவரை கண்டிராத இனிப்பு மது கிடைத்தது. கதை எவ்வளவு உண்மையோ, ரயில்வேக்காரராகிய நமக்கு, தாமதத்தால் ஒரு நன்மை விளைந்த செய்தி மிகவும் பிடித்தது.

இப்படிப் பொறுக்கி எடுத்த பழத்தில் செய்வதற்கு 'ஆவுஸ்லேஸே' என்று பெயர். பொறுக்கியது என்றே பொருள். சர்க்கரை முழுவதும் சாராயமாக மாறிவிடாமல் பாதியிலேயே நொதிப்பை நிறுத்திவிடுவார்கள். ஆகையால் சாராயச் சத்து நூற்றுக்கு எட்டுப் பங்கு அளவில்தான் நிற்கும். நம் நாட்டு விஸ்கியில் அது 42.8 பங்கு. இந்த விவரத்தைக் கேட்டபோது நாம் சத்தியத்தில் ஓட்டை தேடுகிறோமோ என்று நமக்கே சந்தேகம் தோன்றியது.

போர்மன் அந்த வருஷத்து மதுவில் இரண்டு புட்டிகளைத் தம் வீட்டு நிலவறையில் தனியே வைத்தார். ஒன்று தமக்கு, ஒன்று பெரியவருக்கு. "பக்குவமாகட்டும், வா, சேர்ந்து குடிப்போம்" என்றாராம். பெரியவர் போகவேயில்லை. அந்த டிசம்பரில் இங்கே யுத்தம் வந்தது. கிழக்கு வங்கத்திலிருந்து ஒரு கோடிப் பேர் அகதிகளாக வந்திருந்த வருஷம் அது. காளிகாட்டு வீட்டிலேயே உறவினர் பதினான்கு பேர் தங்கியிருந்தார்கள். ஊர் திரும்பினார். பிறகு கலியாணம், குழந்தைகள், கடன், மனைவியின் வியாதி. வருஷந்தோறும் புது வருஷ வாழ்த்து மட்டும் போய் வந்தது. 2016இல் வாழ்த்து வரவில்லை. போர்மனின் மகள் எழுதிய கடிதம் வந்தது.

சென்ற 2024ஆம் வருஷக் கடைசியில், ஜெர்மனியில் வேலை பார்க்கும் பெரியவரின் பேரன் விடுமுறையில் வருமுன் அந்தக் கிராமத்திற்குப் போயிருக்கிறான். மகள் நிலவறைக்கு அழைத்துச் சென்று, தாத்தாவின் பெயர் எழுதிய சீட்டுக் கட்டியிருந்த புட்டியை எடுத்துக் கொடுத்தாள். போர்மனின் புட்டியும் பக்கத்திலேயே திறக்கப்படாமல் இருந்ததாம். விமானத்தில் இரண்டு லிட்டர் வரை தீர்வையின்றிக் கொண்டுவரலாம்; இதுவோ 700 மில்லி. கம்பளிச் சட்டைகளுக்கு நடுவே சுற்றிக் கொண்டுவந்து சேர்த்தான்.

அந்த நிலவறை மலையைக் குடைந்தது. கோடையிலும் குளிரிலும் பத்துப் பன்னிரண்டு டிகிரிக்கு மாறாத குளிர்ச்சி. காளிகாட்டில் இருந்திருந்தால் இரண்டு வைகாசியிலேயே கெட்டிருக்கும் என்றார் பெரியவர். வெள்ளைக்காரர் காலத்தில் மதேரா என்ற மதுவைக் கப்பலில் இந்தியாவுக்கு அனுப்பி, வழியில் பட்ட வெப்பத்தாலேயே அது மேம்பட்டதென்று கொண்டாடினார்கள். அந்தச் சாதி வேறு, இந்தச் சாதி வேறு.

பொங்கலன்று மாலை புட்டியைத் திறப்பதென்று முடிவாயிற்று. வங்காளிகளுக்கு அது பௌஷ் சங்கராந்தி. காலையில் நம் வீட்டுச் சர்க்கரைப் பொங்கல் மாடிக்குப் போயிற்று. மாடியிலிருந்து புதுப் பேரீச்சவெல்லம் போட்ட பிட்டே கீழே வந்தது. தட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது பெரியவர் சொன்னார்: "சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்துவிடு. நாலு பேர் வேண்டும். நான், பேரன், அடுத்த வீட்டு வாத்தியார், நீ. உன் சத்தியம் எனக்குத் தெரியும். குடிக்க வேண்டாம், உட்கார்ந்திரு."

பொங்கலும் அதுவுமாகவா என்று நம் இல்லாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். நமக்கோ ஒரு பக்கம் கூச்சம், ஒரு பக்கம் ஆவல். சங்கத்தில் நடந்த தமிழ் வகுப்பில் கேட்டது நினைவுக்கு வந்தது. வள்ளுவர் கள்ளுண்ணாமைக்குத் தனி அதிகாரமே வைத்தார். ஆனால் யவனர் கப்பலில் கொண்டுவந்த மணமுள்ள மதுவைப் பாண்டியனுக்கு வாழ்த்தாகப் பாடியவர் நக்கீரர். நிலத்தில் புதைத்து முதிர வைத்த தேறலைப் பற்றியும் புறநானூற்றில் பேச்சு உண்டு. காளிகாட்டிலோ, சாக்தர்கள் பூஜைக்குரிய மதுவைக் 'காரணம்' என்றே அழைக்கிறார்கள். இந்தப் பாண்டித்தியமெல்லாம் தாயார் முன்னால் செல்லாது என்பதும் தெரியும்.

தாயார் அடுப்படியில் கரும்பு நறுக்கிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னோம். ஜெர்மனி, நிலவறை, போர்மன் எல்லாம் சொன்னோம். அவர் கத்தியை நிறுத்தவில்லை. "ஒரு வாய் ருசி பார்க்கும்படி நேர்ந்தால்..." என்று இழுத்தோம். நீண்ட நேரம் கழித்து, "பெரிய மனிதர் வீடு தேடிக் கூப்பிட்டிருக்கிறார். போகாமல் இருக்காதே" என்றார். ருசி பார் என்றும் சொல்லவில்லை, பார்க்காதே என்றும் சொல்லவில்லை. அந்த இரண்டு வாக்கியத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே படியேறினோம்.

புட்டி மூன்று நாளாக நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்தது, கசடு அடியில் படிவதற்காக. மெலிந்து உயர்ந்த பச்சைக் கண்ணாடி. சீட்டு பாதி அரித்துப் போயிருந்தாலும் 1971 என்பது தெளிவாக இருந்தது. பேரன் திருகியைச் செலுத்த, தக்கை நடுவில் முறிந்தது. மீதித் தூள் உள்ளே விழுந்தது. வாத்தியார் 'ஐயோ' என்றார். தேநீர் வடிகட்டியை வைத்து ஒரு கண்ணாடிக் குடுவையில் வடித்தார்கள். அடியில் சர்க்கரைபோல் சிறு படிகங்கள் நின்றன. கண்ணாடித் துண்டோ என்று நாம் பதறினோம். திராட்சையின் புளிப்புதான் அப்படி உறைந்திருக்கிறதென்றும், நம் புளியில் இருப்பதும் அதே அமிலமே என்றும் பேரன் சொன்னான். பழம்புளி கெடாமல் வருஷக் கணக்கில் இருப்பதை அறிந்த நமக்கு அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது.

நிறம் செக்கு நல்லெண்ணெயின் நிறம். புதிதாக இருக்கையில் ஏறக்குறைய நீர்போல் வெளுப்பாக இருக்குமாம். பெரியவர் கிளாசைக் கையில் வாங்கி வெகு நேரம் வாயருகே கொண்டுபோகவில்லை. நம் முன்னாலும் ஒரு சின்ன கிளாஸ் இருந்தது. அடியில் இரண்டு கரண்டி அளவு. குடிக்காவிட்டாலும் முகர்ந்து பார்க்கலாமே என்று எடுத்தோம்.

மண்ணெண்ணெய்.

கிளாஸ் கழுவினதில் ஏதோ தவறு என்றே முதலில் நினைத்தோம். பேரன் சிரித்தான். முதிர்ந்த ரீஸ்லிங்கின் அடையாளமே அதுதானாம். வெயிலில் பழத்தோலில் உண்டாகும் சில பொருள்கள் புட்டிக்குள் பல வருஷம் கிடந்து மாறும்போது இந்த வாசனை பிறக்கிறதாம். தெரியாதவர்கள் பெட்ரோல் கலந்துவிட்டது என்று தூர ஊற்றுவதும் உண்டாம். அவன் விளக்கிக்கொண்டே போனான். நாம் கேட்கவில்லை. கரக்பூர்க் குழாயடியும், ஈரத் தரையும், தேய்த்துச் சிவந்த இரண்டு உள்ளங்கைகளும் கண்முன் வந்து நின்றன. 18 வருஷமாகத் தந்தையாரை நினைக்கும்போதெல்லாம் நமக்கு வருவது சாராய வாசனை ஒன்றுதான். அதற்கு முன்னால் வேறொரு வாசனை இருந்ததை நாம் மறந்தே போயிருந்தோம்.

கிளாசை வாயில் வைத்தோம்.

முதலில் தேன். ஆனால் தேனின் கனம் இல்லை. அடுத்து, காய்ந்த ஆரஞ்சுத் தோலை வாயில் அடக்கியதுபோல் ஒரு மணம். பிறகு நாக்கின் இரு பக்கமும் புளிப்பு வந்து இனிப்பைத் துடைத்துவிட்டது. தொண்டையில் எரிச்சல் என்பதே இல்லை. விழுங்கிய பின்னும் சுவை போகாமல், கோயில் மணி அடித்து ஓய்ந்த பிறகு நிற்கும் ரீங்காரம்போல் இருந்துகொண்டே இருந்தது. நல்லது என்பதில் ஐயமில்லை. ஆயினும் நம் நாக்குக்குப் பதநீர் இன்னும் மேல் என்ற அபிப்பிராயத்தை மறைப்பதற்கில்லை. இன்னும் கொஞ்சம் என்று பேரன் சாய்த்தபோது கிளாசின்மேல் கையை வைத்து மூடிக்கொண்டோம்.

பெரியவர் ஒரு வாய் பருகிவிட்டு, "இனிப்புக் குறைந்துவிட்டது" என்றார். சர்க்கரை எங்கும் போகவில்லை, வருஷம் ஆக ஆக நாக்குக்கு இனிப்புத் தெரிவது குறையும் என்றான் பேரன். "என்னைப் போலவா?" என்று கேட்டுவிட்டுப் பெரியவர் மறுபடி முகர்ந்தார். அரை மணி நேரத்தில் அந்த வாசனைகள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டு வந்தன. இந்த வயதில் அதற்குக் காற்று ஆகாது போலும். அவர் ஐந்தாவதாக ஒரு கிளாஸ் ஊற்றிக் காலியாக இருந்த நாற்காலியின் முன்னால் வைத்திருந்ததை அப்போதுதான் கவனித்தோம். யாருக்கு என்று யாரும் கேட்கவில்லை. அவர் தம் முதுகைத் தடவிக்கொண்டு, மூன்றாம் நாள் அறுவடையின் கதையை மறுபடியும் சொன்னார். முன்பு பலமுறை கேட்ட கதைதான்.

கீழே இறங்கினபோது மணி ஏழு. வாசற்படியில் தாயார் நின்றுகொண்டிருந்தார்.

"கிட்ட வா."

போனோம். தந்தையார் நிற்கும் கோணத்திலேயே நாம் நிற்பது நமக்குத் தெரிந்தது, கால் நடுங்கிற்று. தாயார் முகத்தருகே வந்து முகர்ந்தார். உள்ளே போய்விடுவார் என்று எதிர்பார்த்தோம். போகவில்லை.

"என்ன ருசி?" என்று கேட்டார்.

தந்தையாரிடம் அவர் ஒரு நாளும் கேட்காத கேள்வி. தேன் என்றோம், ஆரஞ்சுத் தோல் என்றோம், புளிப்பு என்றோம். முதலில் வந்தது மண்ணெண்ணெய் வாசனை என்றபோது அவர் நம் முகத்தை ஏறிட்டுப் பார்த்தார்.

"டூட்டி விட்டு வந்தால் உன் அப்பாவின் சட்டையெல்லாம் அதே வாசனைதான்" என்றார். "எத்தனை சோடா போட்டு வெளுத்தாலும் போகாது. கலியாணமான புதிதில் எனக்குத் தலை வலிக்கும். அப்புறம் பழகிவிட்டது."

அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. சத்தியத்தைப் பற்றிய பேச்சும் எழவில்லை. இரவு இலை போடும்போது நமக்கு ஒரு கரண்டி நெய் கூடுதலாக விழுந்ததாகத் தோன்றியது. நம் மனப்பிரமையாகவும் இருக்கலாம்.

மறுநாள் மாட்டுப் பொங்கல். காலையில் தாயார் பரண்மேலிருந்து பீங்கான் ஜாடியை இறக்கச் சொன்னார். கரக்பூர்க் குவார்ட்டர்ஸ் கொல்லையில் நின்ற நார்த்தை மரத்தின் காய், 2005இல் உப்பிலிட்டது. தந்தையார் ஏணி வைத்து ஏறிப் பறித்துப் போட்ட கடைசிக் காய்கள் அவை. இப்போது கறுத்துத் தோல்போல் சுருண்டிருக்கும். வீட்டில் யாருக்காவது வயிறு சரியில்லை என்றால் ஒரு சுருள் வெளியே வரும். மற்றபடி அதைத் தொட நமக்கும் உரிமை கிடையாது. அதில் நான்கு சுருளைக் கிண்ணத்தில் வைத்து நம் பையனிடம் கொடுத்து, "மாடித் தாத்தாவிடம் கொடு. இருபது வருஷத்தது என்று சொல்" என்றார்.

சிறிது நேரத்தில் பெரியவர் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு படியாகத் தாமே இறங்கி வந்தார். காலி கிண்ணம் கையில் இருந்தது. எப்படிச் செய்தது என்று தாயாரிடம் கேட்டார். தாயார் தமக்குத் தெரிந்த வங்காளியில், உப்பு, வெயில், அப்புறம் கை வைக்காமல் இருப்பது என்றார். ஜாடியில் இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று பெரியவர் கேட்டார். தாயார் ஜாடியைச் சாய்த்துக் காட்டினார்.